இரண்டாம் முறை அழுத்தினால்

வெள்ளிக்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு நான் ஒரே ஒரு பக்கம் எழுதிக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை முதல், நாங்கள் புதிய அழைப்பு மணி செய்து கொடுக்கிற ஒரு மருத்துவமனையின் இரண்டாம் மாடி வார்டில், இருபத்துநான்கு கட்டில்களின் தலைமாட்டிலும் ஒட்டப்போகிற பக்கம். பெரிய எழுத்தில், வலியோடு படுத்திருப்பவருக்கும் புரிகிற மாதிரி. 'உதவி வேண்டுமென்றால் பொத்தானை அழுத்துங்கள். விளக்கு எரியும். செவிலியர் வருவார்.' மூன்று வரிக்கு மேல் யாரும் படிக்கமாட்டார்கள் என்பது எங்கள் மேலாளரின் கணிப்பு. ஆனால் என்னால் எதையும் மூன்று வரியோடு விட முடியாது. ஒருவேளை விளக்கு எரியாவிட்டால்? ஒருவேளை செவிலியர் வரத் தாமதமானால்? ஒருவேளை அவர் மறுபடியும் அழுத்தினால்? மறுபடி அழுத்தினால் என்ன ஆகும் என்பதை முன்பே எழுதியிருக்கிறேன் என்று நினைவிருந்தது. என்ன எழுதினேன் என்பதுதான் நினைவில்லை. கோப்பைத் திறந்து தேடினேன். எழுபத்தோராம் பக்கத்தில் இருந்தது. 'அதே கட்டிலிலிருந்து ஐந்து நிமிடத்துக்குள் வரும் மறு அழைப்பு, நகலாகக் கருதப்படும். செவிலியர் மேஜைப் பலகையில் காட்டப்படாது.' எழுதியவர் என்ற இடத்தில் என் பெயர்.

பக்கத்து மேஜைக்காரர் டீ குடிக்க வருகிறீர்களா என்று கேட்டார். இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு, அந்தப் பக்கத்தை முதலிலிருந்து மறுபடி படித்தேன்.

என் வேலை இன்னதென்று முதலில் சொல்லிவிடுகிறேன். என் மாமியாருக்கே பதினாறு வருடமாக அது விளங்கவில்லை. கம்ப்யூட்டர் கம்பெனியில்தான் இருக்கிறேன், ஆனால் புரோகிராம் எழுதுவதில்லை. புரோகிராம் எழுதப்படுவதற்கு முன்னால், அதை யார் பயன்படுத்தப்போகிறார்களோ அவர்களிடம் போய் உட்கார்ந்து கதை கேட்டு வருகிறவள் நான். யார் ஆரம்பிக்கிறார், எதைத் தொடுகிறார், அப்புறம் என்ன நடக்கிறது, எதில் போய் முடிகிறது, நடுவில் என்னவெல்லாம் கெட்டுப்போகலாம். ஒவ்வொரு கதைக்கும் ஒரு அட்டை, ஒரு எண். ஆபீஸில் அதற்கு சினாரியோ என்று பெயர். கேட்ட கதைகளை அடுக்கி, ஒன்றோடொன்று முட்டுகிறதா என்று பார்த்து, புரோகிராமருக்கு வேண்டிய விதிகளாக எழுதிக் கொடுப்பேன். கெடுதலை முன்கூட்டியே நினைத்துப் பார்ப்பதற்கு எனக்குச் சம்பளம். ஊரில் மற்றவர்கள் கவலைப்பட்டால் அது வியாதி, நான் கவலைப்பட்டால் உத்தியோகம். அதனால்தான் ஆபீஸில் எனக்கு 'ஒருவேளை' என்று பட்டப்பெயர். வீட்டிலும் தப்பிக்கவில்லை. போன மாதம் பள்ளியிலிருந்து பிள்ளைகளை ஒரு நாள் சுற்றுலா கூட்டிப்போனபோது, நான் சொன்ன எச்சரிக்கைகளை எல்லாம் கேட்டு முடித்த என் மகள், "பஸ்ஸுக்கு றெக்கை முளைச்சிடுச்சுன்னா என்ன பண்றதுன்னு மட்டும் சொல்லலையேம்மா" என்றாள்.

அந்த வார்டில் மூன்று வாரம் உட்கார்ந்திருந்தேன். அறுவை சிகிச்சை முடிந்தவர்களைக் கொண்டுவந்து போடுகிற வார்டு. பழைய அழைப்பு மணி ஒன்று அங்கே இருந்தது. எந்தக் கட்டிலில் அழுத்தினாலும் செவிலியர் மேஜைக்கு மேலே கர்ரென்று அடிக்கும், எண் ஒன்று விழும். இருபத்துநான்கில் ஏழு கட்டில்களின் மணி செத்துப்போயிருந்தது. அதனால்தான் புதியது. வார்டுக்குப் பொறுப்பான சிஸ்டருக்கு என் வயதுதான் இருக்கும். முதல் நாள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கதை கேக்க வந்திருக்கீங்களா? உக்காருங்க. எந்திரின்னா எந்திரிச்சிடணும்" என்றார். நான் அவர் பின்னாலேயே நோட்டும் கையுமாகச் சுற்றினேன். மருந்து எடுத்து வைக்கும்போது ஒரு கதை, படுக்கை விரிப்பை மாற்றும்போது இரண்டு கதை. ஒரு மத்தியானம் கை கழுவிக்கொண்டே அவர் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டேன்.

"முதல் மணி தேவைக்கு, மேடம். தண்ணி வேணும், ஜன்னலைச் சாத்தணும், பேச ஆள் வேணும். நாம வர்றேன்னு சொன்னப்புறமும் உடனே இன்னொரு மணி வந்துச்சுன்னா அது பயத்துக்கு. அதுக்கு நடக்கக் கூடாது. ஓடணும்."

அப்படி அவர் ஓடிய ஒரு நாளையும் சொன்னார். முதலில் தண்ணீர் கேட்டு அழுத்திய ஒரு பெண், ஒரு நிமிடம் கழித்து மறுபடி அழுத்தினாள். ஓடிப் போய்ப் பார்த்தால் தையல் விட்டு, போர்வைக்குள் இரத்தம் தேங்கியிருந்தது. அவளுக்கு வலிக்கவில்லை. ஏதோ சூடாக இருக்கிறதே என்றுதான் மறுபடி அழுத்தினாளாம். பிழைத்துக்கொண்டாள். அது எண்பத்தெட்டாவது அட்டை. தலைப்பு: நோயாளி மறுபடி அழுத்துகிறார்.

நூற்று முப்பத்தோராவது அட்டை, மருத்துவமனையின் எலக்ட்ரீஷியன் சொன்னது. லிஃப்ட் பொத்தானைக் குத்துகிற மாதிரி சிலர் குத்திக்கொண்டே இருப்பார்களாம். ஒரு பெரியவர் ஒரு மணி நேரத்தில் நாற்பது தடவை அடித்து, வார்டே தூங்க முடியாமல், கடைசியில் அவர் கட்டிலின் ஒயரையே யாரோ பிடுங்கி விட்டார்கள். அதனால் ஒரே ஆள் திரும்பத் திரும்ப அழுத்தினால் அதைக் கண்டுகொள்ளாமல் விட ஒரு வழி வேண்டும் என்றார். அதிலும் நியாயம் இருந்தது. தலைப்பு: நோயாளி மறுபடி அழுத்துகிறார்.

மொத்தம் இருநூற்றுப் பதினான்கு கதைகள் சேர்ந்தன. இவ்வளவையும் யார் கட்டுவது, நூற்றிருபதுக்குள் கொண்டுவாருங்கள் என்றார் மேலாளர். எங்கள் தொழிலில் அதற்கு ஒரு முறை இருக்கிறது. ஆரம்பிக்கிற ஆளும் ஒன்று, தொடுகிற பொருளும் ஒன்று என்றால், இரண்டு கதையும் ஒன்று. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை அதற்குள் கரைத்துவிடலாம். ஒன்றரை நாளில் செய்து முடித்தேன். எண்பத்தெட்டும் நூற்று முப்பத்தொன்றும் அடுத்தடுத்து என் கையில் வந்திருக்க வேண்டும். அதே ஆள், அதே பொத்தான். கட்டுவதற்குச் சுலபமானதை வைத்துக்கொண்டேன். எவ்வளவு யோசித்தாலும் அந்த நொடி எனக்கு ஞாபகம் வரவில்லை. எண்பத்தெட்டைப் படித்தேனா, தலைப்பை மட்டும் பார்த்தேனா? படித்துவிட்டு, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேனா? ஞாபகம் இருப்பதெல்லாம், அடுத்த நாள் கூட்டத்தில் மேலாளர் என்னை எழுந்து நிற்கச் சொன்னதும், எல்லோரும் கை தட்டியதும், எனக்கு அது பிடித்திருந்ததும்தான்.

முதலில் புரோகிராமரிடம் போனேன். இரண்டு வயது இளையவர், என்னை அக்கா என்பார். எழுபத்தோராம் பக்கத்தைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். அவர் நாற்காலியைத் திருப்பி உட்கார்ந்து முழுதும் கேட்டார்.

"மாத்தறது பெரிய விஷயமே இல்லக்கா. ரெண்டு வரி. மத்தியானத்துக்குள்ள மாத்திடலாம். ஆனா மாத்தக் கூடாது."

"ஏன்?"

"புதன்கிழமையோட புரோகிராமைப் பூட்டியாச்சுல்ல. இப்ப ஒரு இடத்துல கை வச்சா, எல்லாத்தையும் மொதல்லேருந்து சோதிச்சுப் பார்க்கணும். அஞ்சாறு வாரம் ஆகும். சோதிக்காம ஆஸ்பத்திரிக்குள்ள விடச் சொல்றீங்களா? பூட்டினப்புறம் ஒரு எழுத்தைக்கூட தொடக் கூடாதுன்னு போன வருஷம் எங்களோட சண்டை போட்டதே நீங்கதானே."

நான்தான். என் முகத்தைப் பார்த்து அவருக்குச் சங்கடமாகிவிட்டது. என்னைச் சிரிக்க வைக்கலாம் என்று நினைத்து, "ஒருவேளையே கோட்டை விட்டுட்டா, நாங்கல்லாம் யார்கிட்டப் போய்க் கேக்கறது" என்றார். அவர் நல்ல மனிதர், குத்திக் காட்டத் தெரியாதவர். அதனால்தான் அது சரியாகக் குத்தியது. கழிப்பறைக்குப் போய் முகத்தைக் கழுவினேன்.

மேலாளரின் அறை கண்ணாடிச் சுவர் போட்டது. உள்ளே யார் எந்த முகத்தோடு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வெளியே இருக்கிற எல்லோருக்கும் தெரியும். அதனால் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு சொன்னேன். அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. எழுந்து போய் ஜன்னலைப் பார்த்து நின்றார், திரும்பி வந்தார்.

"கடைசி ஆவணத்துல யார் கையெழுத்து இருக்கு?"

"வார்டு சிஸ்டரோடது."

"எழுபத்தோராம் பக்கத்துக்கும் சேர்த்துத்தானே?"

சேர்த்துத்தான். அந்தக் கையெழுத்து எப்படிப் போடப்பட்டது என்று எனக்குத் தெரியும். நூற்று நாற்பத்து மூன்று பக்கம். நான் கொண்டுபோனபோது சிஸ்டர் ஒரு கையில் மருந்துத் தட்டோடு நின்றிருந்தார். படித்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், நாளைக்கு வருகிறேன் என்றேன். "மூணு வாரம் என் முந்தானையைப் பிடிச்சிட்டே சுத்தினீங்க. நீங்க எழுதினதை நான் எதுக்குப் படிக்கணும்?" என்று, தட்டை என்னிடம் கொடுத்துவிட்டு, சுவரில் தாளை வைத்து நின்றபடியே கையெழுத்துப் போட்டார். அன்று அதை எனக்குக் கிடைத்த பாராட்டாக எடுத்துக்கொண்டு வீட்டில் வந்து பெருமையாகச் சொன்னேன்.

"அப்ப அது நம்ம தப்பு இல்ல. அவங்க கேட்டது அதுதான்னு காகிதம் சொல்லுது" என்றார் மேலாளர். சொன்ன மாத்திரத்தில் அவருக்கே அது நாராசமாகப் பட்டிருக்க வேண்டும். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நான் ஒண்ணும் ராட்சசன் இல்லம்மா. அடுத்த தடவை புதுசா அனுப்பும்போது இதைச் சரிபண்ணிடலாம். ஆறே வாரம். ஆனா இப்ப நிறுத்தினா என்ன ஆகும்? ஏழு பெட்ல பழைய மணி அடிக்கறதே இல்லன்னு நீங்கதான் எழுதிட்டு வந்தீங்க. அந்த ஏழு பேருக்கு இன்னும் ஆறு வாரம் முதல் மணியும் கிடையாது, ரெண்டாவது மணியும் கிடையாது. அதுக்கும் ஒரு சினாரியோ எழுதிப் பாருங்க. வெண்ணெய் திரண்டு வர்ற நேரம் பார்த்து தாழியை உடைக்காதீங்க."

அவர் சொன்னதில் பாதி உண்மை. பாதி உண்மையோடு மல்லுக்கட்டுவதுதான் கஷ்டம். கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். தலைமாட்டில் ஒட்டுகிற தாளில் ஒரு வரி கூடச் சேர்த்துவிடலாம். 'ஒருமுறை அழுத்தினால் போதும். காத்திருக்கவும்.' எழுதினேன். இருபத்துநான்கு பிரதி எடுத்து, பளபளவென்று பிளாஸ்டிக் உறை போட்டு, பையில் வைத்துக்கொண்டேன். மெஷினிலிருந்து ஒவ்வொன்றாகச் சூடாக வெளியே வந்தபோது, தவறு செய்ததைவிட இது மோசம் என்று நினைத்தேன். ஆனாலும் இருபத்துநான்கையும் எண்ணிச் சரிபார்த்தேன். பழக்கதோஷம்.

மாலை பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. பையிலிருந்து காலி அட்டை ஒன்றை எடுத்து, என்னைப் பற்றியே எழுத ஆரம்பித்தேன். கதை ஒன்று: நான் சிஸ்டரிடம் சொல்கிறேன். நாளை ஒத்திகை முடிந்ததும் எல்லாம் தயார் என்று அவர் கையெழுத்துப் போடமாட்டார். திங்கட்கிழமை நின்றுபோகும். மேலாளருக்கு மேலே இருப்பவர்கள் ஆவணத்தைத் திறப்பார்கள், எழுபத்தோராம் பக்கத்தில் என் பெயர் இருக்கும். ஏழு கட்டில்களில் மணி இருக்காது. கதை இரண்டு: நான் சொல்லவில்லை. ஆறு வாரம். ஒரு நாளைக்கு அந்த வார்டில் நூற்றைம்பது அழைப்பு வரும், அதில் எத்தனை இரண்டாவது அழைப்பு, அந்த இரண்டாவதில் எத்தனை பயத்துக்கு? பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. நானே எத்தனை கூட்டங்களில் மேஜையைத் தட்டியிருக்கிறேன், பெரும்பாலும் என்கிற வார்த்தையை என் முன்னால் சொல்லாதீர்கள் என்று. கதை இரண்டில் 'எதில் முடிகிறது' என்ற இடத்தை என்னால் நிரப்ப முடியவில்லை. சூடாக இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டு ஒரு பெண் விளக்கைப் பார்த்தபடி படுத்திருக்கிற இடத்திலேயே அது நின்றுகொண்டிருந்தது. எனக்குப் பயமாக இருந்தது. எதற்கு அதிகமாகப் பயப்படுகிறேன் என்பதைக் கவனித்தபோது இன்னும் பயமாக இருந்தது. அந்தப் பெண்ணைவிட அந்தக் கண்ணாடி அறைக்குத்தான் அதிகம் பயந்துகொண்டிருந்தேன்.

சனிக்கிழமை காலை துணி மடிக்கும்போது கணவரிடம் சொன்னேன். அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். யார் எதைச் சொன்னாலும் பிரேக், கிளட்ச் என்றுதான் பேசுவார்.

"என் பக்கத்துல ஒரு பிரேக் இருக்குல்ல, தப்புன்னு தெரிஞ்சா நான் மிதிச்சிடுவேன். யார் தப்புன்னு வண்டி நின்னப்புறம் பேசிக்கலாம்."

"நடு ரோட்டுல நின்னா பின்னால வர்றவன் சும்மா விடுவானா?"

"திட்டுவான். கண்டிப்பா திட்டுவான்." கையிலிருந்த சட்டையை மடித்து வைத்தார். அப்புறம், "வேலை போயிடுமா?" என்று கேட்டார்.

"தெரியலைங்க."

"போனா போகுதுன்னு சொல்லணும்னுதான் இருக்கு" என்றார். சொல்லவில்லை. மடித்து வைத்த சட்டையை எடுத்து உதறி, மறுபடியும் மடித்தார். இன்னும் ஏழு வருடம் வீட்டுக் கடன் இருப்பது இருவருக்கும் தெரியும், அதை இருவருமே வாயால் சொல்லவில்லை. மகள் வந்து தன் நீலச் சட்டை எங்கே என்று கேட்டதும் பேச்சு அதோடு நின்றது.

மத்தியானம் இரண்டு மணிக்கு வார்டில் ஒத்திகை. இது எங்கள் வழக்கம். எழுதிய கதைகளில் பத்துப் பன்னிரண்டைப் பொறுக்கியெடுத்து, பயன்படுத்தப்போகிறவர்களையே நடிக்க வைத்துப் பார்ப்போம். ஒருவர் நோயாளி, ஒருவர் செவிலியர். நடிப்பு முடிந்ததும் எல்லாம் தயார் என்று சிஸ்டர் கையெழுத்துப் போட வேண்டும். நான்கு மணிக்குள் மேலாளருக்கு போன் பண்ணிச் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பழைய ஒயர்களைக் கழற்ற ஆட்கள் வருவார்கள். ஒத்திகைக்கான பன்னிரண்டு கதைகளை மேலாளரே இந்தத் தடவை தேர்ந்தெடுத்து அனுப்பியிருந்தார். மறுபடி அழுத்துகிற கதை அதில் இல்லை.

கோடியில் காலியாக இருந்த மூன்று கட்டில்களில் புதிய பொத்தான்கள் மாட்டியிருந்தன. செவிலியர் மேஜையில் புதிய பலகை, உறைகூடப் பிரிக்காத ஓரங்களோடு. ஐந்து செவிலியர்கள் அதைச் சுற்றி நின்றுகொண்டு, போட்டோ எடுக்க நிற்பவர்கள் மாதிரி சிரித்தார்கள். நோயாளி யார் என்று கேட்டேன். "நானே படுக்கறேன். இதைச் சாக்கா வச்சாவது அஞ்சு நிமிஷம் காலை நீட்டலாம்" என்று சிஸ்டர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் ஏறிப் படுத்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். பிளாஸ்டிக் தாளை அந்தக் கட்டிலின் தலைமாட்டில் நானே மாட்டினேன்.

முதல் நான்கு கதைகள், ஒவ்வொன்றுக்கும் நடுவில் பத்து நிமிடம் விட்டு, நன்றாகப் போயின. சிஸ்டர் அழுத்தினார், பலகையில் சிவப்பு விளக்கு எரிந்தது, ஒரு செவிலியர் 'வருகிறேன்' என்பதைத் தொட்டார், சிவப்பு மஞ்சளாகி வரிசையில் கீழே இறங்கியது. கட்டிலருகில் சிறிய பச்சை விளக்கு எரிந்தது. சிஸ்டர் அதைப் பார்த்து, "பரவாயில்லையே, வர்றாங்கன்னு தெரியுது" என்றார். உண்மையிலேயே அது நல்ல அமைப்பு. நாங்கள் எல்லோரும் எட்டு மாதம் உழைத்துச் செய்தது. இப்படியே பன்னிரண்டும் முடிந்துவிடும் என்று தோன்றியபோது, உள்ளே ஏதோ இளகி, முடியட்டும் என்று நான் வேண்டிக்கொண்டதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவளாக என்னை நான் நினைத்ததே இல்லை. ஆனால் மறைப்பது ஒன்றும் அப்படிக் கடினமாக இல்லை. பேசாமல் நின்றால் போதும்.

நான்காவது கதையின் பச்சை விளக்கு அணைவதற்குள் சிஸ்டர் தலையைப் பின்னால் சாய்த்து, தலைமாட்டில் இருந்த தாளைத் தலைகீழாகவே படித்தார். மூன்று வரியையும் வாய்விட்டுப் படித்தார். நான்காவதில் நின்றார்.

"ஒருமுறை அழுத்தினால் போதும். போதுமா?"

அவர் விளையாட்டாக மறுபடி பொத்தானை அழுத்தினார். பச்சை விளக்கு முன்னே எரிந்த மாதிரியே எரிந்துகொண்டிருந்தது. கழுத்தை எக்கி மேஜைப் பக்கம் பார்த்தார். அங்கே நின்ற ஐந்து பேரும் பலகையைப் பார்த்தார்கள். "ஒண்ணும் வரலையே சிஸ்டர்" என்றார் ஒருவர். அவர் மறுபடி அழுத்தினார். மறுபடியும் அழுத்தினார். விரல் பொத்தானில் படுகிற சத்தம் கட்டிலருகே நின்ற எனக்கு மட்டும்தான் கேட்டது.

"இது வேலை செய்யல போல" என்றார் சிஸ்டர்.

வேலை செய்கிறது. எழுதியபடியே செய்கிறது. எழுதியவள் அவர் தலைக்கு மேலே நின்றுகொண்டிருக்கிறேன். பொத்தானில் ஏதோ கோளாறு, சரிபண்ணச் சொல்கிறேன் என்ற வாக்கியம் முழுதாக என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஒரு மூச்சு அங்கேயே நின்றது.

"வேலை செய்யுது சிஸ்டர். ரெண்டாவது தடவை அழுத்தினா காட்ட வேண்டாம்னு எழுதியிருக்கு."

"யாரு எழுதினது?"

"நான்."

அவர் படுத்தபடியே என்னைப் பார்த்தார். நான் வேகமாகச் சொல்ல ஆரம்பித்தேன். அவர் சொன்ன எண்பத்தெட்டாவது கதை, எலக்ட்ரீஷியன் சொன்ன கதை, இரண்டுக்கும் ஒரே தலைப்பு, எண்ணிக்கையைக் குறைக்கச் சொன்னது, நான் சேர்த்தது, நேற்றுதான் கண்ணில் பட்டது, ஆறு வாரம், ஏழு கட்டில். எல்லாவற்றையும் கொட்டினேன். நடுவில் ஒரு இடத்தில், என்னை அறியாமலே செய்துவிட்டேன் என்று சொல்லப் போய், அது உண்மையா என்று தெரியாததால் விட்டுவிட்டேன். செவிலியர்கள் மேஜையை விட்டு மெல்ல இந்தப் பக்கம் வந்து நின்றார்கள்.

சிஸ்டர் எழுந்து உட்கார்ந்தார். காலைக் கீழே தொங்கப்போட்டு, குனியாமல் பாதத்தாலேயே தேடிச் செருப்பை மாட்டிக்கொண்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நான் கையெழுத்து போட்டதுல இது இருக்கா?"

"இருக்கு. எழுபத்தொண்ணாம் பக்கம்."

"படிக்காமப் போட்டேன்" என்றார். என்னிடம் சொல்லவில்லை, பொதுவாகச் சொன்னார். பிறகு, "மொத்தம் எத்தனை கதை இந்த மாதிரி சேர்த்தீங்க?" என்று கேட்டார்.

எனக்குக் கணக்குப் போட வேண்டிய அவசியமே இல்லை. கை தட்டு வாங்கிக் கொடுத்த எண் அது. "தொண்ணூத்தி நாலு."

அவர் தலையை ஆட்டினார். கையை நீட்டி, ஆவணத்தைக் கேட்டார். பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். கோபத்தில் கிழிப்பாரோ, கையெழுத்தை அடிப்பாரோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் செய்யவில்லை. அதை எடுத்துக்கொண்டு மேஜைக்குப் போனார். ஒரு செவிலியரைப் பார்த்து, "ஒன்பதாம் பெட்டுக்கு மருந்து நேரமாச்சு. நீங்கல்லாம் போங்க" என்றார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, முதல் பக்கத்தைத் திறந்தார்.

"சிஸ்டர், எழுபத்தொண்ணுல பென்சில் குறி வச்சிருக்கேன்."

"இருக்கட்டும். நான் முதல்லேருந்து வர்றேன்."

"மத்ததெல்லாம் சரியாத்தான் இருக்கும்."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை. புதிதாக வந்து நிற்கிற ஒருவரிடம் என்ன வேண்டும் என்று கேட்பதற்கு முன்னால் பார்க்கிற பார்வை. கதை கேட்க வந்த முதல் நாளில்கூட அவர் என்னை அப்படிப் பார்க்கவில்லை. "திங்கக்கிழமையைப் பத்தி அப்புறம் பேசலாம். உக்காருங்க" என்றார்.

உட்கார இடம் இல்லாததால் மேஜைக்கு இந்தப் பக்கம், வருகிறவர்கள் நிற்கிற இடத்தில் நின்றேன். மணி மூன்று ஐம்பது. கைப்பைக்குள் போன் அதிர்ந்தது. யார் என்று எடுத்துப் பார்க்கவே வேண்டாம். அதிர்ந்து நின்றது. மறுபடி அதிர்ந்தது. சிஸ்டர் சுட்டுவிரலை வரியின் கீழே வைத்து, உதடு அசைய, ஒவ்வொரு வார்த்தையாகப் படித்துக்கொண்டிருந்தார். அச்சடித்த நாளிலிருந்து யாரும் பிரிக்காத தாள்கள், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. எச்சில் தொட்டுப் பிரித்தார். மூன்றாம் பக்கம், நான்காம் பக்கம். நூற்று நாற்பத்து மூன்று பக்கத்தையும் இதே வேகத்தில் படித்தால் எவ்வளவு நேரம் ஆகும் என்று என் மனம் தானாகக் கணக்குப் போட்டது. வார்டில் யாரோ இருமினார்கள். மருந்துத் தள்ளுவண்டியின் ஒரு சக்கரம் கீச்சிட்டுக்கொண்டே போனது. ஒன்பதாம் பக்கத்தின் நடுவில் அவருடைய விரல் நின்றது. மேலே போய், அந்த வரியை முதலிலிருந்து மறுபடி தடவிக்கொண்டு வந்து, அதே இடத்தில் நின்றது. நான் சேர்த்த தொண்ணூற்று நான்கில் அது எது என்று, மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எக்கிப் பார்த்தேன். நான் நின்ற பக்கத்திலிருந்து எழுத்துகள் எல்லாம் தலைகீழாக இருந்தன.